பிரஷர் பார்க்க அனுப்பிய பத்து நிமிடம்

டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்த பெண், மேஜை மேல் ஒரு கிண்ணம் நிறையக் குண்டூசி வைத்திருந்தாள். முதல் தடவை போனபோது பார்த்தேனே தவிர, எதற்கென்று யோசிக்கவில்லை. இரண்டாவது தடவை, அம்மாவின் பரிசோதனை முடிவுகளைக் கேட்கப் போன அன்று, எனக்கு முன்னால் நின்ற ஆள் அவளிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அவள் அதைப் படிக்கவில்லை. ஒரு குண்டூசியை எடுத்து, அவருடைய அப்பாவின் ஃபைல் மேல் அந்தச் சீட்டைக் குத்தி, உள்ளே போகிற அடுக்கில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். "அப்பாட்ட சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தது. அந்த அப்பா நான்கு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, டிவியில் யாரோ கத்திரிக்காய் வதக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்ணார்பேட்டையில் கீழே ஜவுளிக்கடையும் மாடியில் மருத்துவமனையுமாக இருக்கிற கட்டடம் அது. மறதிக்குப் பார்க்கிற டாக்டர். அங்கே வருகிற குடும்பங்களில் பாதிக்கு மேல் சீட்டு எழுதுகிற குடும்பங்கள்தான் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. சிலர் வீட்டிலேயே எழுதி மடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் கைப்பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். தாலுகா அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறவள் நான். எனக்குச் சுருக்கமாக எழுத வராது. "நோயாளியிடம் பரிசோதனை முடிவுகளைத் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தப் பெண் அதையும் படிக்காமல் குத்தினாள்.

அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். வயது எழுபத்து மூன்று. அப்பா மில்லில் வேலை பார்த்தவர், அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. விக்கிரமசிங்கபுரத்தில் மில்காரர்கள் குடியிருக்கிற ஒரு தெருவில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டு ஊரே ஓய்ந்துவிட்டது, ஆகவே இங்கேயும் அதை விட்டுவிடுகிறேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது எந்த வீட்டில்தான் இல்லை. அதற்காக யாரும் அம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் ஒரு நாள் காலையில், கையில் பால் டம்ளரோடு, ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏட்டி, பால் காய்ச்சியாச்சா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் போக நாள் கேட்டு போன் செய்தேன்.

முடிவு கேட்கப் போன நாளுக்கு இரண்டு வாரம் முன்பே பரிசோதனை முடிந்திருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். கல்லூரியை விட்டு நேற்றுதான் வந்தவள் போலிருந்த ஒரு பெண் அம்மாவை எதிரே உட்காரவைத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், மூன்று சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள், ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டாள். பிறகு பன்னிரண்டு எண்களையும் வலது பக்கமே அடைத்து எழுதினாள். எழுதி முடித்து, பென்சிலைக் கீழே வைத்து, "மார்க் எத்தனம்மா? பாஸா ஃபெயிலா?" என்றாள். "சூப்பரா பண்ணிட்டீங்க" என்றாள் அந்தப் பெண். பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தக் கடிகாரம் தெரிந்தது. அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் "நல்லாத்தான் பண்ணியிருக்கம்மா" என்றுதான் சொன்னேன்.

ஆக, முடிவு சொல்கிற நாள். எங்கள் முறை வந்தது. டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும், நம்ம பக்கத்து ஆள்தான். ஃபைலைத் திறந்தவர் என் சீட்டைப் படித்தார். கையெழுத்து வரை படித்திருப்பார் போல, ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு அம்மாவிடம் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு நேராகக் கேட்டாள்.

"என் ரிசல்ட்டு வந்தாச்சா டாக்டர்?"

"வந்திருக்கும்மா, பாத்துட்டுத்தான் இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பிரஷர் பாத்துருவோம். சிஸ்டர்!"

'சிஸ்டர்' என்ற சத்தத்துக்கு அம்மாவும் நிமிர்ந்தாள், பழக்கம். கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸ் அம்மாவின் தோளைத் தொட்டு எழுப்பினாள். பிரஷர் பார்க்கிற கருவி டாக்டரின் மேஜையிலேயே, ஃபைலுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா அதை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்த நர்ஸின் பின்னால் போனாள்.

கதவு சாத்தியதும் டாக்டர் வேறு ஆளாகிவிட்டார். குறை சொல்லவில்லை, என்னிடம் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் தொட்டுக் காட்டினார். "இங்கன பாருங்க, இந்தப் பகுதி சுருங்கியிருக்கு. அன்னைக்குப் பண்ணின டெஸ்ட்லயும் மார்க் குறைச்சல். ரத்தத்துல வேற குறை ஒண்ணும் இல்ல. டிமென்ஷியா, ஆரம்ப நிலை. அல்சைமரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்." இதைக் குணமாக்க மருந்து இல்லை என்றார். சில பேருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவுகிற மாத்திரை எழுதுவதாகச் சொன்னார். அடுத்து என்னென்ன வரும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். கை தானாக எழுதியது, மனசு அங்கே இல்லை.

"சொல்ல வேண்டாம்னு எழுதியிருக்கிய. ஏன்?" என்று கேட்டார்.

"தாங்க மாட்டா டாக்டர்."

"நர்ஸா இருந்தவங்கன்னு ஃபைல்ல இருக்கே."

"அதனாலதான் சொல்லுதேன். எல்லாம் தெரிஞ்சவ. தெரிஞ்சவளால தாங்க முடியாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் பொய் சொல்ல மாட்டேம்மா. அவங்க நேரடியாக் கேட்டா சொல்லித்தான் ஆகணும். கேக்கலேன்னா நீங்க நல்ல நேரம் பாத்து வீட்ல வச்சுச் சொல்லுங்க. ஆனா சொல்லணும். ரொம்ப நாள் தள்ளிப் போடாதிய."

அம்மா நேரடியாகத்தான் கேட்டிருந்தாள். அஞ்சு நிமிடம் கூட ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வீட்ல தனியா இருக்காங்களா? அடுப்பு பத்த வைக்காங்களா? வண்டி ஓட்டுவாங்களா?" என்று ஒரு வரிசையாகக் கேட்டார். கடைசியில், "இப்ப ஏதாவது வேலை பாக்காங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு வருசம் ஆச்சு. வீட்டுலதான் இருக்கா."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னது எந்த விண்ணப்பத்திலும் செல்லுபடியாகக்கூடிய பதில். அம்மா அறைக்குள்ளே இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்லியிருப்பாள், அந்தப் பதில் வேறாக இருந்திருக்கும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர் சிரித்த முகமாகச் சொன்னார்: "பிரஷர் நல்லா இருக்கும்மா. மாத்திரை எழுதியிருக்கேன். மகள்ட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பொய் ஒன்றுகூட இல்லை. அம்மா கைகூப்பினாள். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்து, பாபநாசம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நான் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்துவிட்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ரிப்போர்ட்டும் மாத்திரையும் இருந்தன. மாத்திரை அட்டையில் பெயர் போட்டிருக்கும், அம்மா படித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதை வீட்டில் எந்த டப்பாவில் மாற்றிப் போடுவது என்றுதான் நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

"ரெண்டு தடவ பிரஷர் பாத்தா அந்தப் பிள்ள" என்றாள் அம்மா. வண்டி சேரன்மகாதேவியைத் தாண்டியிருந்தது, வெளியே பார்த்தபடிதான் சொன்னாள். "முதல் தடவையே நூத்தி முப்பது வந்துட்டு. பேஷண்ட உள்ள அனுப்புன்னு டாக்டர் இன்னும் மணி அடிக்கலல்லா, அதான் என்ன செய்யன்னு தெரியாம மறுபடியும் கட்டினா."

நான் கைப்பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

"முப்பத்தோரு வருசம் நான் பாத்த வேலைட்டி அது. டாக்டர் கண்ணக் காட்டுவாவ, நான் பேஷண்ட வெளிய கூட்டிட்டு வந்து பிரஷர் பாப்பேன். ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. கைய எங்கிட்ட குடுத்துட்டு, சாத்தின கதவையே பாத்துட்டு இருப்பாவ." என் பக்கம் திரும்பினாள். "என்ன சொன்னாவ?"

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்? கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்கிறாள். பஸ்ஸில் கூட்டம் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை, அவள் முகத்தில் பயம்கூட இல்லை. டாக்டர் சொன்ன நல்ல நேரம் அதுதான். நான் என்ன செய்தேன்? மேஜைக்கு எதிரே மனுவோடு நிற்கிறவர்களிடம் "பரிசீலனையில இருக்கு" என்று சொல்லிப் பழகிய அதே குரலில், "வயசுக்கு உள்ள மறதிதான்னு சொன்னாவ. சத்து மாத்திரை எழுதியிருக்காவ" என்றேன்.

"சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, "டாக்டர் என்னட்டி சொன்னாவ?" என்று கேட்டாள். முகத்தில் புதிதாகக் கேட்கிற ஆவல் இருந்தது. நான் அதே பதிலைச் சொன்னேன். ஜெபம் முடித்து எழுந்திருக்கும்போது மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். சோதிக்கிறாளா, மறந்துவிட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் கண்ணையே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மறந்துதான் கேட்கிறாள் என்றால் என் பொய்யில் மோசமில்லை என்று தோன்றியது. சோதிக்கிறாள் என்றால் மூன்று தடவை தோற்றிருக்கிறேன். மூன்றாவது தடவை அந்தப் பொய் எவ்வளவு வழவழப்பாக வாயில் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

இனி மறுநாள் காலை.

அம்மா ரிட்டயர் ஆன நாளிலிருந்து எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்குக் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கேட்டு ஏற்பாடு செய்த காரியம் இல்லை. காசு வாங்குவதும் இல்லை. முகம் கழுவி, சேலையை உதறிக் கட்டி, ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வாசல் கூட்டுவதைப் போல அது தினமும் நடக்கிற காரியம். டாக்டர் 'வேலை' என்று கேட்டபோது அது என் ஞாபகத்துக்கு வராததற்கு இதுதான் காரணம். மறதி யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம்.

மூன்று வீட்டில் ஒன்று எதிர்வீடு. அங்கே மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவும், அத்தையும். எனக்குத்தான் மாமா, அத்தை. அம்மாவுக்கு அண்ணாச்சி, மைனி. மாமாவுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, சிரிஞ்சில் இருக்கிற கோடு தெரியாது. அத்தைக்குக் கை நடுங்கும். ஆகவே சிஸ்டர் வந்தால்தான் ஊசி, ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இட்லி.

ஏழு மணிக்கு அம்மா தட்டோடு தெருவைக் கடந்து போனதை நான் பார்த்தேன். குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். நான் குளிக்கப் போனேன். குளித்துச் சேலை கட்டி, எட்டரை பஸ்ஸுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அத்தை தெருவிலிருந்து கத்தினார்: "சிஸ்டர்! சிஸ்டர்! இங்கன ஓடி வாங்க!"

நான் சீப்போடு ஓடினேன். அம்மா எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தாள். மாமா நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்து ஷிப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கண் எங்கேயோ நின்றது. எனக்குக் காலும் கையும் ஓடவில்லை.

அம்மாவுக்கு ஓடியது. அப்படி ஓடியதை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை. "மைனி, மிஷினைக் கொண்டாங்க" என்றாள். மாமாவின் விரலில் குத்தி, துளியைப் பட்டையில் ஏற்றி, எண்ணைப் பார்த்தாள். "நாப்பத்தெட்டு, சுகர் ரொம்ப இறங்கிட்டு. ஏட்டி, சீனி எடு. ஒரு டம்ளர் தண்ணில நாலு கரண்டி." மாமாவின் கன்னத்தைத் தட்டி, "அண்ணாச்சி, என்னைப் பாருங்க. முழுங்குங்க. பைய, பைய. ஆங், அப்படித்தான்" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். ஒரு சொட்டுகூடப் புரையேறவில்லை.

நான் அடுக்களையில் இரண்டாவது டம்ளருக்குச் சீனி கரைத்துக்கொண்டிருந்தபோது அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ள, சிஸ்டர் இன்னைக்கு ரெண்டு தடவ போட்டாவ" என்றார், காதுக்குள்.

"என்னது?"

"ஏழு மணிக்குப் போட்டுட்டுப் போனாவ. நான் இட்லியத் தட்டுல வச்சு இவுகளை உக்காரச் சொல்லுதேன், ஏழு இருபத்தஞ்சு இருக்கும், மறுபடியும் வந்து நிக்காவ. 'அண்ணாச்சி, கையக் காட்டுங்க'ன்னாவ. இவுக காட்டிட்டாவ. நேத்து நீங்க டவுன்ல பெரிய டாக்டரைப் பாத்துட்டு வந்தியல்லா. ஏதோ புதுசா தெரிஞ்சுட்டு வந்து போடுதாவன்னு நெனச்சேன். சிஸ்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது? அரை மணி நேரம் ஆகட்டும்னு இட்லிய மூடி வச்சுட்டேன்."

இட்லித் தட்டு மேஜையில் மூடியபடிதான் இருந்தது. பதினைந்து வருடமாக ஒரு நாள்கூடத் தப்பாத கையிடம், ஏற்கெனவே போட்டாச்சே என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை. அவரைச் சொல்லி என்ன? அந்தக் கையைப் பற்றி உண்மை தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதை ஃபைலில் போட்டு ஆபீஸ் பையில் பூட்டி வைத்திருந்தவளும் நான்தான்.

கால் மணி நேரத்தில் மாமாவுக்குக் கண் தெளிந்தது. "என்ன சிஸ்டர், எல்லாரும் நிக்கிய?" என்றார். மறுபடி குத்திப் பார்த்தாள். எழுபது வந்திருந்தது. அம்மா இட்லியை எடுத்து அவருக்கு ஊட்டினாள். நான் ஆட்டோவுக்கு போன் செய்தேன். மற்ற இரண்டு வீட்டுக்கும் போன் செய்து கேட்டேன், அங்கே ஒரு ஊசிதான் போயிருந்தது.

அம்மா நிமிர்ந்தாள். வார்டில் யாராவது தப்பு செய்துவிட்டால் அவள் எப்படி நிற்பாளோ அப்படி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் ஒரு ஊசிதான் போட்டேன். இட்லி நேரத்துக்குக் குடுத்திருந்தா இப்படி இறங்காது. குடுக்கலேன்னாலும் இவ்வளவு வேகமா இறங்காது. ரெண்டாவது ஊசி யாரு போட்டா?"

மாமா இட்லியைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சீப்பைப் பார்த்தேன், அது இன்னும் என் கையில் இருந்தது.

"கேக்கேன்லா? யாரு போட்டா?"

"நாந்தான் சிஸ்டர்" என்றார் அத்தை. "நீங்க போட்டது தெரியாம, நாந்தான்..."

"கை நடுங்குதுன்னு தெரியும்லா மைனி? சிரிஞ்சைத் தொடாதியன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? மனுஷன் உசிரு போயிருந்தா என்ன செய்வியோ? கொஞ்சமாவது..." அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. அத்தை தலையைக் குனிந்து, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தரையில் விழுந்தது.

நான் இன்னும் சும்மா நின்றிருக்கலாம். அத்தையும் தன் பங்குக்கு ஒரு 'சொல்ல வேண்டாம்' சீட்டைக் குத்திவிட்டார், அம்மா நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள், மாமா பிழைத்துவிட்டார். நாளை காலை ஏழு மணிக்கு அம்மா மறுபடியும் தட்டை எடுப்பாள்.

"அம்மா, அத்தை இல்ல" என்றேன். "நீதான். ஏழு மணிக்கு ஒரு தடவ போட்ட. மறுபடியும் ஏழு இருபத்தஞ்சுக்கு வந்து போட்டிருக்க."

கதவைச் சாத்திய அறையில், நாற்காலியில் உட்காரவைத்து, படம் காட்டி, பொறுமையாக அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. எதிர்வீட்டு மனுஷர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாரிய தலை பாதியில் நிற்க, நான் அதை இப்படித்தான் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை என்று சாதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அத்தையிடம் போய், அவருடைய கைகளை முந்தானையிலிருந்து விடுவித்துப் பிடித்துக்கொண்டாள். "மைனி, மன்னிச்சிருங்க. தப்பு எம்மேல" என்றாள். பிறகு என்னிடம், "ஆட்டோ வந்தாச்சா?" என்றாள்.

ஊசியின் வேகம் இன்னும் பல மணி நேரம் இருக்கும், மாமாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். ஆட்டோவில் மாமா நடுவில், அம்மாவும் நானும் இரண்டு பக்கம், அத்தை டிரைவர் பக்கத்தில். மாமாவின் நாடியைப் பிடித்தபடி, அவர் தலைக்கு மேலாக அம்மா என்னைக் கேட்டாள்.

"நேத்து டாக்டர் சொன்னது இதானா?"

"ஆமாம்மா."

"பேரு என்ன?"

"டிமென்ஷியா."

"ஆரம்பமா, முத்தியிருக்கா?"

"ஆரம்பம்னு சொன்னாவ."

"ஸ்கேன்ல தெரியுதா?"

"தெரியுதும்மா. சுருங்கியிருக்கு."

"ரிப்போர்ட்ட எங்க வச்சிருக்க?"

"ஆபீஸ் பையில."

"சாயங்காலம் எங்கிட்ட குடு." அவ்வளவுதான். ஆட்டோ மூன்று தெரு தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. தாங்க மாட்டாள் என்று ஒரு டாக்டரை நம்பவைத்து, ஒரு மனுஷன் உயிரைப் பணயம் வைத்து நான் காப்பாற்றிய ரகசியம் இவ்வளவுதான். தாங்க முடியாமல் அழுதவள் நான்தான். அம்மா என் பக்கம் திரும்பவில்லை, நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மாமாவைப் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்து, "என்ன ஆச்சு, எப்ப போட்டீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள்.

"எங்கிட்ட கேளுங்க டாக்டர். நான் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. இன்சுலின் இருபத்திரெண்டு யூனிட், ரெண்டு தடவ போயிருக்கு. ஏழு மணிக்கு ஒண்ணு, ஏழு இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. சாப்பாடு ஒண்ணும் இல்ல. எட்டு மணிக்கு சுகர் நாப்பத்தெட்டு. வாய் வழியா சீனி, கால் மணி நேரத்துல எழுபது. அப்புறம் ரெண்டு இட்லி."

டாக்டர் வேகமாக எழுதினார். "ரெண்டு தடவை யார் போட்டது?"

"ரெண்டும் நாந்தான். எனக்கு டிமென்ஷியா இருக்கு, ஆரம்பம்."

பேனா நின்றது. அவர் அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தயங்கி, மறுபடியும் அம்மாவிடமே கேட்டார், அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்: "முதல் ஊசி ஏழு மணிக்குத்தான்னு உறுதியாத் தெரியுமாம்மா?"

"எனக்கு அது ஞாபகம் இல்ல" என்றாள் அம்மா. "எம் மக சொல்லுதா. அவ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா. நீங்க எழுதிக்கிடுங்க."

டாக்டர் ஏழு மணி என்று எழுதிக்கொண்டார்.